எதிர்ப்பந்தயம்

குக்கர் விசில் அலறியது.

கன்டெய்னர் அலுவலகத்தில் இருந்த அத்தனை பேரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். அங்கே அடுப்பும் கிடையாது, குக்கரும் கிடையாது. ஆட்டக்காரர் யாராவது கணிப்புத் தரவரிசையில் ஒரேயடியாகச் சரிந்தால் ஒலிக்கட்டும் என்று தளவாய்தான் அந்தச் சத்தத்தைப் பொருத்தியிருந்தான். சைரன் வைத்தால் போலீஸ் ஞாபகம் வருகிறது, மணி வைத்தால் கோயில் ஞாபகம் வருகிறது, விசில் வைத்தால்தான் எவனும் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்க மாட்டான் என்று அப்போது விளக்கமும் கொடுத்திருந்தான்.

திரையில் பட்டியலின் உச்சியில் இருந்த பெயர் அடிமட்டத்துக்குப் போய்க் கிடந்தது. ஜெனிஸ்டன் மச்சாடோ.

"தப்பா இருக்கும்" என்றான் யாரோ.

தளவாய் கணிப்பு நிரலான உரைகல்லை இரண்டாவது முறை ஓட்டினான். மூன்றாவது முறையும் ஓட்டினான். பெயர் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

வெளியே ஊரே ஜெனிஸ்டன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது. வேளாந்துறைக் கடற்கரைக்கும் செம்மணல் தேரிக்கும் நடுவே புல் வளர்த்து, உலகத்தரம் என்று பெயர் சூட்டி, கோல்ஃப் மைதானம் திறந்து மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. கடலோர மணல்மேட்டில் அமையும் இப்படிப்பட்ட களத்துக்கு லிங்க்ஸ் என்று பெயர். மரம் இருக்காது, நிழல் இருக்காது, காற்று மட்டும் இருக்கும். நான்கு நாள் போட்டியில் இரண்டு நாள் முடிந்திருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய பெரிய ஆட்டக்காரர்களின் பந்துகளையெல்லாம் காற்று தூக்கிக்கொண்டு போய்க் கடலில் போட, பக்கத்து ஊர் மீனவரின் மகனான ஜெனிஸ்டன் முதலிடத்தில் நின்றான். மைதானம் வருவதற்கு முன்பே, சின்ன வயதிலிருந்து அந்தக் காற்றிலேயே பந்தடித்து வளர்ந்தவன். பந்தயம் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட பிறகு நடக்கும் பெரிய போட்டி என்பதால், பாசத்தில் பாதித் தமிழ்நாடு அவன் மேல் கட்டியிருந்தது.

அதனால்தான் கோமளாவின் முகம் அப்படி மலர்ந்தது. 'முன்னோக்கு' கணிப்பு நிறுவனத்தின் தலைவி அவள். வக்கீலாக இருந்து வியாபாரத்துக்கு வந்தவள். எல்லோரும் ஒரு பக்கம் சாயும்போது மறுபக்கம் நிற்கச் சொல்லும் தகவல் கிடைத்தால் அதற்குத் தனி மதிப்பு. அவள் உடனே தன் தங்கச் சந்தாதாரர் ஒருவரை அழைத்தாள். பேசும்போது கன்டெய்னரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடப்பது அவள் வழக்கம்.

"மச்சாடோ ஜெயிக்க மாட்டார்னு கட்டுங்க சார். எங்க உரைகல் சொல்லுது... இல்ல சார், ஜோசியம் இல்ல. மட்டையோட பிடியில ஒரு படலம் ஒட்டியிருக்காங்க இல்லையா, அதுதான். பிடிச்சிருக்கிற கையோட துடிப்பு, வேர்வை, நடுக்கம் எல்லாம் அதுல பதிவாகும். டிவியில உங்களுக்குக் காட்டுறது பந்தை அடிக்கிற ரெண்டு செகண்ட் மட்டும். நாங்க மொத்தத்தையும் விலைக்கு வாங்குறோம்... என்ன காரணமா? அது எங்களுக்கே தெரியாது சார். காரணத்தைப் பார்த்தா குற்றம். பாக்காம கணிச்சா வியாபாரம்."

சட்டம் உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. ஆட்டக்காரரின் உடம்பில் என்ன நோய் என்று பந்தய நிறுவனம் தோண்டிப் பார்க்கக் கூடாது. ஆகவே உரைகல் காரணத்தை ஓர் அறையில் பூட்டி வைத்துவிட்டு வரிசையை மட்டும் வெளியே நீட்டியது. அந்தப் பூட்டைச் செய்தவன் தளவாய். உரைகல்லையே செய்தவனும் அவன்தான். பந்தை அடிக்கும் நொடியில் எல்லோருடைய நெஞ்சும் ஒரே மாதிரி எகிறும், அதில் ஒன்றும் தெரியாது. அதற்கு முந்தைய நிமிடங்களில், கை பிடியின் மேல் சும்மா கிடந்து காத்திருக்கும்போதுதான் உடம்பு உண்மையைச் சொல்கிறது என்று கண்டுபிடித்தது அவனுடைய பெருமை. மற்ற நிறுவனங்கள் இன்னும் அந்த இரண்டு செகண்டுகளை வைத்துக்கொண்டு மாரடித்துக் கொண்டிருந்தன.

கோமளா பேசி முடிப்பதற்குள் தளவாய் ஒரு காரியம் செய்தான். ஊழியர்கள் பந்தயம் கட்டக் கூடாது என்பது விதி. மனைவி பெயரில் ஒரு கணக்கு இருப்பது வழக்கம். கழிவறைக்குப் போகிறவன்போல் வெளியே வந்து, ஜெனிஸ்டனுக்கு எதிராகக் கட்டினான். கணிசமாகவே கட்டினான்.

அவனுக்கு அவசரத் தேவை எதுவும் இருக்கவில்லை. பாளையங்கோட்டையில் சொந்த வீடு. மகள் நன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு தேவை என்று இருந்திருந்தால் பிற்பாடு தன்னை மன்னித்துக்கொள்ள அதையாவது பிடித்துக்கொண்டிருப்பான்.

மற்றவர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் அவன் பூட்டைத் திறந்தான். நல்லெண்ணம் என்று சொல்ல முடியாது. பணம் கட்டியவனுக்கு வரும் அரிப்புதான். எதனால் விழுந்தான் என்று தெரிந்தால் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தான். பதற்றமாக இருக்கலாம், களைப்பாக இருக்கலாம்.

இரண்டுமில்லை. திரையில் ஓடிய கோடு இரண்டு முறை துடித்து, ஒரு துடிப்பை விழுங்கி, மூன்றை ஒன்றாக அவசரமாகத் துடித்தது. தளவாய் டாக்டர் இல்லை. ஆனால் உரைகல்லுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க அவன் ஆயிரக்கணக்கான கோடுகளைப் பார்த்திருக்கிறான். இதே மாதிரி ஒன்றை முன்பொரு தடவை பார்த்திருந்தான். அந்த ஆட்டக்காரர் பயிற்சியில் இருக்கும்போதே சுருண்டு விழுந்து இறந்துபோனார்.

அவன் கை தானாகப் பூட்டை மூடியது.

இனி என்ன செய்ய வேண்டும் என்பதில் சந்தேகமே கிடையாது. ஜெனிஸ்டன் தங்கியிருந்த விடுதி நடந்து போகிற தூரம்தான். போய்ச் சொன்னால் அவன் டாக்டரைப் பார்ப்பான், போட்டியிலிருந்து விலகுவான், பிழைப்பான். அங்கேதான் பந்தய விதி குறுக்கே வந்து நின்றது. மூன்றாம் நாளின் முதல் பந்து அடிக்கப்படும் முன் ஒருவர் விலகினால் அவர் மேல் கட்டியதெல்லாம் ரத்து, பணம் கட்டியவனுக்கே திரும்பிவிடும். அந்தப் பந்து போன பிறகு விலகினால் தோற்றதாகக் கணக்கு.

ஒரு ராத்திரி. அவ்வளவுதானே என்று தளவாய் யோசித்தான். இத்தனை நாள் ஓடிய நெஞ்சு ஒரு ராத்திரி ஓடாதா? தூங்கப் போகிறவனுக்கு என்ன ஆகிவிடும்? காலையில் முதல் பந்து போனதும் நேராகப் போய்ச் சொல்லிவிடலாம். கைபேசியில் 'பந்தயத்தை ரத்து செய்' என்ற பொத்தான் இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. அதன் மேல் கட்டைவிரலைக் கொண்டுபோனான். பிறகு கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

*

காலையில் முதல் பந்து போனது. பொத்தான் சாம்பல் நிறமானது. தளவாய் அன்று காலை அதைத்தான் முதலில் பார்த்தான்.

முன்னணியில் இருப்பவர்கள் கடைசியில்தான் கிளம்புவார்கள். அதிலும் ஜெனிஸ்டனோடு சேர்ந்து கிளம்பிய கூட்டத்துக்குள் நுழைவதற்கே பாடாக இருந்தது. பக்கத்து ஊர்களெல்லாம் குடை பிடித்துக்கொண்டு வந்திருந்தன. கோல்ஃப் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கும் நம்ம பையன் ஜெயிக்கிறான் என்பது தெரிந்திருந்தது. நார்வேக்காரர் ஒருவரின் பந்து காற்றில் வளைந்து அலைக்குள் விழுந்தபோது, அதை வலை போட்டுப் பிடித்து ஏலம் விடுங்க என்று ஒரு பெண்மணி யோசனை சொன்னாள். 'அமைதி' என்று எழுதிய பலகையைத் தூக்கிப் பிடித்திருந்த காவல் ஊழியரே சிரித்துவிட்டார்.

நிறுவனத்தின் அனுமதி அட்டை இருந்ததால் தளவாய் கயிற்றுக்கு உட்புறம் நடக்க முடிந்தது. ஆனால் ஆட்டத்தின் நடுவில் ஆட்டக்காரரை நெருங்க முடியாது. ஒன்பதாவது குழி முடிந்ததும் ஒரு பந்தல் உண்டு, மோர் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டு அங்கே போய் நின்றான். ஜெனிஸ்டன் வந்தான். ஒல்லியாக, கறுப்பாக, உப்புக்காற்றில் செம்பட்டை பாய்ந்த தலைமுடியோடு இருந்தான். இன்னும் முதலிடத்தில்தான் இருந்தான்.

தளவாய் தன் பெயரைச் சொன்னான். நிறுவனத்தின் பெயரைச் சொன்னான். மனப்பாடம் செய்ததை ஒப்பித்தான்.

"உங்க நெஞ்சுத் துடிப்பு சரியில்ல தம்பி. நான் பாத்துட்டேன். பாக்கக் கூடாது, ஆனா பாத்துட்டேன். இதோட நிறுத்திட்டு இப்பவே டாக்டரப் பாருங்க. உயிர் போற விஷயம்."

ஜெனிஸ்டன் மோரை நிதானமாகக் குடித்து முடித்தான். பிறகு திரும்பிக் கூப்பிட்டான்.

"அத்தான், இங்க வாங்க. இன்னொரு ஆளு வந்திருக்காவ."

மட்டைப் பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வந்தவர் சவரிமுத்து. ஜெனிஸ்டனின் அக்கா புருஷன். கட்டுமரம்போல் அகன்ற உடம்பு, கழுத்தைச் சுற்றி ஈரத் துண்டு. ஜெனிஸ்டன் ஆட ஆரம்பித்த நாளிலிருந்து அவனுடைய பையைத் தூக்குபவர் இவர்தான் என்று பத்திரிகைகள் எல்லாம் எழுதியிருந்தன. இந்த வேலைக்கு இங்கிலீஷில் கேடி என்று பெயர், இந்த மாவட்டத்தில் போலீஸ் ஸ்டேஷனில்தான் அந்தப் பட்டம் கொடுப்பார்கள் என்று அவரே பேட்டிகளில் சொல்லிச் சிரிக்கவைப்பார்.

"என்ன சொல்லுதாரு?"

"எனக்கு நெஞ்சு சரியில்லையாம்."

"முந்தாநா வந்தவன் அம்மாவுக்கு ஆக்சிடெண்டுன்னான்" என்றார் சவரிமுத்து. "இவரு பரவால்ல. மரியாதையா வந்து சொல்லுதாரு."

இந்த ஒரு வாரத்தில் இப்படி எத்தனையோ பேர் வந்துவிட்டார்கள் என்று ஜெனிஸ்டன் சொன்னான். சாப்பாட்டில் மருந்து கலந்திருக்கிறது என்று ஒருவர், மட்டையை மாற்றிவிட்டார்கள் என்று ஒருவர். எல்லோரும் அவனுக்கு எதிராகக் கட்டியவர்கள். அவன் பயந்து ஆட்டத்தில் தடுமாறினால் பணம் வரும் என்று வந்தவர்கள். சொல்லும்போது அவனிடம் கோபமில்லை. கடைத்தெருவில் விலை கேட்டுச் சலித்தவனின் குரலாக இருந்தது.

"உங்க பேச்சக் கேட்டா பாளையங்கோட்டப் பக்கம் மாதிரி இருக்கு. நம்ம ஆளு. அதனால ஒண்ணே ஒண்ணு கேக்கேன் அண்ணாச்சி. நீங்க கட்டியிருக்கீயளா? எந்தப் பக்கம்?"

உண்மையைச் சொன்னால் நம்பமாட்டான். நேற்றே வந்திருந்தால், பந்தயத்தை ரத்து செய்துவிட்டு அந்தத் திரையைக் காட்டி, இதோ என் கையில் ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். இப்போது காட்டுவதற்குச் சாம்பல் நிறப் பொத்தான்தான் இருந்தது.

"நான் கட்டல" என்றான் தளவாய்.

அந்தப் பொய் எவ்வளவு வழவழப்பாக வந்தது என்று அவனுக்கே அதிர்ச்சியாக இருந்தது.

"எப்ப பாத்தீய என் நெஞ்ச?"

"இன்னைக்குக் காலையில."

ஜெனிஸ்டன் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். சவரிமுத்து இன்னும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். ஆட்டம் முடிந்ததும் கட்டாயம் டாக்டரைப் பார்க்கிறேன், நீங்க மோர் குடிச்சிட்டுப் போங்க என்று சொல்லிவிட்டு ஜெனிஸ்டன் கிளம்பினான். நோயாளியின் நடை இல்லை அது. மணல்மேட்டில் ஆட்டுக்குட்டி ஏறுவதுபோல் ஏறினான்.

தளவாய் பின்னாலேயே போனான். போய் என்ன செய்வது என்று தெரியவில்லை. விழுந்தால் ஓடிப்போய்ப் பிடிக்கலாம் என்பதைத் தவிர வேறு திட்டமில்லை. கைபேசியில் உரைகல்லின் நேரடிக் கோட்டைத் திறந்து வைத்துக்கொண்டான். ஜெனிஸ்டன் ஓங்கி அடிக்கும்போது கோடு அழகாக, சீராக எகிறியது. அவன் நடக்கும்போது கோடே இல்லை, கையில் மட்டை இல்லாததால்.

பதினோராவது குழியை நெருங்கும்போது கடற்காற்று இன்னும் பலத்தது. அலைத் துமி முகத்தில் வந்து ஒட்டியது. குழியைச் சுற்றி மழமழவென்று வெட்டப்பட்ட புல்வட்டத்துக்கு கிரீன் என்று பெயர். அங்கே பந்தை மெல்ல உருட்ட ஒரு தனி மட்டை உண்டு. ஜெனிஸ்டன் குழிக்கு அந்தப் பக்கம் குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் கண்களுக்கு மேல் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு புல்லின் சரிவைப் பார்த்தான்.

கைபேசியில் கோடு ஓடியது. இரண்டு துடிப்பு, ஒரு விழுங்கல், மூன்று அவசரத் துடிப்பு.

தளவாய் நிமிர்ந்து ஜெனிஸ்டனைப் பார்த்தான். அவன் கைகள் நெற்றியில் இருந்தன. வெறுங்கைகள்.

பிறகுதான் சவரிமுத்துவைப் பார்த்தான். அவர் கிரீனின் ஓரத்தில் காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்றார். உருட்டும் மட்டையின் பிடியைத் துண்டால் துடைத்து, உள்ளங்கைகளுக்கு நடுவே பொத்தி, உப்பு ஈரம் படாமல் காத்துக்கொண்டிருந்தார். ஜெனிஸ்டன் எழுந்து வந்து கை நீட்டிய பிறகுதான் கொடுத்தார். அவன் வாங்கினான், உருட்டினான், பந்து விழுந்தது. எல்லாம் சில நொடிகள். அதற்கு முந்தைய நிமிடங்கள் முழுக்கப் பிடி இருந்தது இவர் கையில்.

வேறெந்த நாட்டிலும், வேறெந்தக் களத்திலும் கேடிகள் இப்படிச் செய்வதில்லை. மட்டை பையிலேயே கிடக்கும், அல்லது கிரீனுக்கு நடந்து வரும்போதே ஆட்டக்காரரின் கைக்குப் போய்விடும். அந்தக் களங்களின் பதிவுகளைக் கொண்டுதான் தளவாய் உரைகல்லை வளர்த்தான். பிடியின் மேல் காத்திருக்கும் கை ஆட்டக்காரரின் கை என்று எடுத்துக்கொண்டான். அந்தக் காத்திருக்கும் நிமிடங்கள்தானே அவன் பெருமை. உப்புக்காற்றுக்கு ரப்பர் பிசுபிசுக்கும் என்று கடலோரத்துக் குடும்பம் ஒன்று தனக்கென்று வைத்திருந்த பழக்கம் அவன் கணக்கில் எங்கேயும் வரவில்லை.

சாகப் போகிறவரை எதிரே நிறுத்திவைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றவனிடம் அவன் பேசிவிட்டு வந்திருந்தான்.

அடுத்த குழிக்குப் போகும் வழியில் கயிற்றைத் தாண்டி ஓடினான். அமைதிப் பலகை அவனை நோக்கித் திரும்பியது. பையைச் சுமந்துகொண்டு மேடேறிக்கொண்டிருந்த சவரிமுத்துவுக்கு அருகில் போய், மூச்சு வாங்க, நான் பார்த்தது உங்களுடைய நெஞ்சு, அவனுடையதில்லை என்று சொன்னான். சொல்லும்போதே, இதுவும் எப்படிக் கேட்கும் என்று அவனுக்குத் தெரிந்தது. கேடியை இழந்தால் ஆட்டக்காரன் தடுமாறுவான். எதிராகக் கட்டியவனுக்கு அதுவும் லாபம்தான்.

சவரிமுத்து நிற்கவில்லை. "ஆட்டம் நடக்கும்போது பேசக் கூடாது சார்" என்றார் மெதுவாக. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உதடு நீலம் பாரித்திருந்தது.

தளவாய் முதலுதவிக் கூடாரத்துக்கு ஓடி, சவரிமுத்துவின் நெஞ்சைப் பற்றிச் சொன்னான். அங்கே இருந்த டாக்டர் அம்மாள், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். தெரிந்த விதத்தைச் சொன்னான். அது குற்றமாச்சே என்றார். ஆமாம் என்றான். ஆம்புலன்ஸ் வண்டியை அந்த ஆட்டத்துக்குப் பின்னால் அனுப்புங்கள், பிறகு போலீசைக் கூப்பிடுங்கள் என்றான். அவர் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தானே வண்டியில் ஏறினார்.

பதினைந்தாவது கிரீனில் ஜெனிஸ்டனுக்குக் குழி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அது விழுந்தால் அவனை எட்டிப் பிடிக்க யாராலும் முடியாது. கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டது. மட்டையை அவன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிய சவரிமுத்து, கொடியைப் பிடிக்கப் போகிறவர்போல் ஓர் அடி வைத்து, முழங்காலிட்டு, அப்படியே முகம் குப்புற விழுந்தார்.

ஜெனிஸ்டன் திரும்பிப் பார்த்தான். பந்து கிடந்தது, குழி கிடந்தது. மட்டையைப் போட்டுவிட்டு ஓடினான்.

வண்டி ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட்டது. புல்லிலேயே சட்டையைக் கிழித்து மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். இரண்டாவது அதிர்ச்சியில் நெஞ்சு திரும்ப ஓடியது. வேறு ஒருவரைப் பை தூக்க வைத்து ஆட்டத்தைத் தொடரலாம், விதியில் இடமிருக்கிறது என்று நடுவர் ஜெனிஸ்டனின் காதருகே குனிந்து சொன்னார். அவனுக்குக் கேட்டதா என்றே தெரியவில்லை. அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டான். வண்டி போன பிறகும் பந்து குழிக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அதை எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை.

முன்னணிப் பலகையிலிருந்து அவன் பெயரை எடுத்தபோது தளவாயின் சட்டைப் பைக்குள் கைபேசி அதிர்ந்தது. பந்தயத்தில் தளவாய் ஜெயித்துவிட்டான்.

*

தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கோமளா அழைத்தாள். உரைகல் சொன்னது அப்படியே நடந்துவிட்டது, சந்தாதாரர்கள் கொண்டாடுகிறார்கள் என்றாள். அது தப்பான ஆளின் நெஞ்சைப் படித்தது, கணிப்பே பிழை என்று தளவாய் விளக்கினான். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"யாரோட நெஞ்சா இருந்தா என்ன தளவாய்? மச்சாடோ ஜெயிக்க மாட்டார்னு சொன்னோம். ஜெயிக்கல. அடுத்த சீசன்ல கேடிகளோட பதிவையும் சேர்த்து வாங்கிடலாம். நல்ல ஐடியா குடுத்திருக்கீங்க."

அவன் வேலையை விடுகிறேன் என்று சொன்னான். சொல்வதற்குள் அவள் வைத்துவிட்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெனிஸ்டன் இன்னும் ஆட்டக்காரரின் ஆணிச் செருப்போடு நின்றான். தளவாயைப் பார்த்ததும் வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். அத்தான் பிழைத்துவிட்டார், இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால் கிடையாது என்று டாக்டர் அம்மாள் சொன்னாராம். வண்டியைப் பின்னாலேயே வரச் சொன்னது யார் என்பதையும் அவர் சொல்லியிருந்தார்.

"உங்களயும் அந்தப் பந்தயக்காரனுவ கூடச் சேத்துட்டேன் அண்ணாச்சி. மன்னிச்சிருங்க."

தளவாய் வாயைத் திறந்தான். அதற்குள் சவரிமுத்துவின் மனைவி மரியஜோதி வந்துவிட்டாள். அழுது வீங்கிய கண்களோடு, கடவுள்தான் உங்களை அனுப்பினார் என்று சொல்லி, கேன்டீனிலிருந்து தன் கையாலேயே வாங்கிவந்த காபியைக் கொடுத்தாள். அவர்கள் இருவரும் நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் அவன் அதைக் குடிக்க வேண்டியிருந்தது. இந்த ஆட்டம் போனால் போகட்டும், இன்னும் எத்தனையோ ஆட்டம் இருக்கிறது என்று ஜெனிஸ்டன் அக்காவுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தான். அப்படி ஒரு வாய்ப்பு அவனுக்கு இன்னொரு தடவை வராமலும் போகலாம் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

உங்களைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்கிறார் என்று நர்ஸ் வந்து கூப்பிட்டாள்.

சவரிமுத்து மார்பெல்லாம் ஒயர்களோடு படுத்திருந்தார். தலைமாட்டுத் திரையில் கோடு இப்போது ஒழுங்காக ஓடியது. அத்தனை பெரிய உடம்பு கட்டிலில் எப்படியோ சுருங்கிப்போயிருந்தது. தளவாய் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று பயந்தான்.

"நான் பொய் சொன்னேன். உங்க மச்சினனுக்கு எதிரா நானும் கட்டியிருந்தேன். நேத்து சாயங்காலமே எனக்கு விஷயம் தெரியும். பந்தயம் ரத்தாயிரக் கூடாதுன்னுதான் காலைவர சொல்லாம இருந்தேன். வெளிய அவங்க ரெண்டு பேரும் என்னய கும்பிடுதாங்க. இப்பவே போய் அவங்ககிட்ட சொல்லிருதேன்."

சவரிமுத்துவின் கண்கள் கதவுப் பக்கம் போயின.

"மெதுவா பேசுங்க. அவனுக்குக் கேட்டுரும்."

"கேக்கட்டும். கேக்கணும்."

"நீங்க கட்டியிருக்கீயன்னு பந்தல்லயே எனக்குத் தெரியும் சார். நீங்க முழிச்ச முழி அப்படி." அவர் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். கோடு லேசாகத் தடுமாறிச் சரியானது. "அதே முழியோடதான் நானும் ஒரு வாரமா கண்ணாடியில என் மூஞ்சப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

தளவாய்க்குப் புரியவில்லை. சவரிமுத்து அவனைப் பார்க்காமல் போர்வையின் ஓரத்தைப் பார்த்தார்.

"எந்நேரமும் நெஞ்சு நின்னுரும்னு போன மாசமே டாக்டர் சொல்லிட்டாரு, வீட்ல யாருக்கும் தெரியாது... நான் விழுந்தா, ஜெயிக்கிற ஆட்டமா இருந்தாலும் மட்டையப் போட்டுட்டு என்கிட்ட ஓடி வந்துருவான் என் மாப்ள. அந்த தைரியத்துலதான் சார், பொண்டாட்டிக்கு ஏதாவது மிஞ்சட்டும்னு, நானும் அவனுக்கு எதிராக் கட்டுனேன்."